ஒன்பதாம் இடத்தில் யார்?

மாமல்லபுரத்து ஆதிவராகக் குகைக் கோயிலில் பல்லவர் காலத்து வடமொழிச் சுலோகம் ஒன்று கல்லில் வெட்டப்பட்டிருக்கிறது. திருமாலின் பத்து அவதாரங்களை அது பெயர் சொல்லி எண்ணுகிறது. மீன், ஆமை, பன்றி, நரசிங்கம், குறளன், பிறகு இராமன் என்ற பெயர் மூன்று தடவை, அடுத்துப் புத்தன், முடிவில் கல்கி. மூன்று இராமர் என்பது பரசுராமன், தசரதன் மகன், பலராமன். அத்தோடு பத்து நிறைந்துவிடுகிறது. கண்ணனுக்கு அங்கே இடமில்லை. அதே ஊரில் கோவர்த்தன மலையை ஒரு கையால் தாங்கி நிற்கும் கண்ணனை ஆளுயரத்துக்கும் மேலாகச் செதுக்கி வைத்தவர்களும் பல்லவர் காலத்துச் சிற்பிகள்தான்.

இந்த ஊரைக் கடல்மல்லை என்று பாடிய திருமங்கையாழ்வாரின் காலம் இந்தக் கல்வெட்டின் காலத்திலிருந்து அதிகம் விலகியதன்று. திருக்கண்ணபுரத்துப் பாசுரம் ஒன்றில் அவரும் பத்தையும் அடுக்குகிறார். மூன்று இராமரும் உண்டு, தாமோதரன் உண்டு, கல்கி உண்டு; புத்தர் இல்லை. பின்னாளில் வேதாந்த தேசிகரின் தசாவதார ஸ்தோத்திரமும் இதே வரிசையைத்தான் பின்பற்றியது. தமிழ்நாட்டு வைணவ வீடுகளில் இன்றும் குழந்தைகள் மனப்பாடம் செய்வது இந்தப் பட்டியலையே. கிழக்கே ஜயதேவர் 12ஆம் நூற்றாண்டில் எழுதிய கீத கோவிந்தத்தில் பலராமனும் புத்தரும் இடம்பெறுகிறார்கள். கண்ணனோ பத்தில் ஒருவனாக வராமல், பத்தையும் எடுக்கிற முழுமுதலாக நிற்கிறான். ஒடிசாவின் பட்டச் சித்திரங்களில் ஒன்பதாம் கட்டத்தில் புரி ஜகந்நாதரைக் காணலாம். வங்கத்து விஷ்ணுபூரில் 120 அட்டைகள் கொண்ட தசாவதாரச் சீட்டுக்கட்டிலும் அவருக்கே அந்த இடம். மராத்தி மரபில் இடுப்பில் கைவைத்து நிற்கும் பண்டரிபுரம் விட்டலன் அங்கே வந்து நிற்பதும் உண்டு.

பத்து என்ற எண் எல்லா ஊரிலும் ஒன்றுதான். அந்த எண்ணுக்குள் யார் என்பது ஊருக்கு ஊர், நூலுக்கு நூல் மாறுகிறது. அவதாரங்களைப் பற்றிப் பேசும் பெரும்பாலான நூல்கள் இதை ஓர் அடிக்குறிப்பில் சொல்லிக் கடந்துவிடுகின்றன. ஆனால் அவதாரக் கொள்கை எப்படி வளர்ந்தது என்பதை அறிய இந்த மாற்றங்களைப் போல உதவும் சான்று வேறில்லை என்பது என் எண்ணம். யார் சேர்க்கப்பட்டார், யார் நகர்த்தப்பட்டார், யார் வெளியே நின்று மறுத்தார் என்று தேடிப் போனால் இரண்டாயிரம் ஆண்டுச் சமய வரலாறு அதில் தெரிகிறது.

முதல் மூன்று உருவங்களிலிருந்தே தொடங்கலாம். மனுவைப் பெருவெள்ளத்திலிருந்து காத்த மீனின் கதை சதபத பிராமணத்தில் வருகிறது. அந்த மீன் திருமால் என்று அங்கே ஒரு சொல்லும் இல்லை. மகாபாரதத்து வனபருவத்தில் அதே மீன் தன்னை இன்னார் என்று வெளிப்படுத்துகிறது. அப்போது அது சொல்வது பிரமன் என்ற பெயரை. ஆமை வடிவம் எடுத்தவனாகச் சதபத பிராமணம் காட்டுவது பிரசாபதியை. நீருக்குள் கிடந்த பூமியைப் பன்றியாகி மேலே கொண்டுவந்தவனும் தைத்திரீய சங்கிதையின்படி பிரசாபதிதான். வான்மீகி இராமாயணத்தின் அயோத்தியா காண்டத்தில்கூட இந்தப் பன்றியைப் பிரமனோடு சேர்த்துச் சொல்லும் இடம் இருக்கிறது. முதல் ஐந்தில் திருமாலுக்குத் தொடக்கத்திலிருந்தே உரியதாக இருந்தது மூவடி அளந்த கதை மட்டுமே. இருக்கு வேதத்தில் அவர் பெயர் பெற்றதே அந்த மூன்று அடிகளால். குள்ளனாக இருந்து நிலத்தை வென்ற கதையும் சதபத பிராமணத்திலேயே அவர் பெயரில் கிடைக்கிறது.

வேள்வியை நடுவில் வைத்த சமயத்தில் படைப்புக்கு உரியவன் பிரசாபதி. வேள்வியின் இடத்தைக் கோயிலும் பக்தியும் பிடித்தபோது அவன் செல்வாக்கு இழந்தான். அவனுக்குப் பின் வந்த பிரமனுக்கும் கோயில்கள் அரிதாயின. ஆனால் பூமி மூழ்கும், யாரோ ஒருவர் இறங்கி வந்து அதைத் தூக்கிவிடுவார் என்ற நம்பிக்கை மக்களுக்கு வேண்டியிருந்தது. செயல்கள் நிலைத்தன, செய்தவர் மாறினார். நரசிங்கத்தின் கதையிலும் இப்படி ஒரு பழைய வேர் உண்டு. பகலிலும் கொல்லேன், இரவிலும் கொல்லேன், ஈரமானதாலும் கொல்லேன், உலர்ந்ததாலும் கொல்லேன் என்று நமுசிக்கு வாக்குக் கொடுத்த இந்திரன், அந்திப் பொழுதில் நீர் நுரையால் அவன் தலையை அறுத்த கதை பிராமண நூல்களில் இருக்கிறது. இரணியன் கேட்ட வரங்களையும் அவை உடைந்த விதத்தையும் அறிந்தவர்களுக்கு இந்த உறவு தானே விளங்கும். பிரகலாதன் என்ற குழந்தையை நடுவில் வைத்து, ஒரு தந்திரக் கதையைப் பக்திக் கதையாக மாற்றியது பின்வந்தவர்களின் பெரிய சாதனை. பரிபாடலின் நான்காம் பாட்டில் பிரகலாதன் வந்துவிடுகிறான் என்பதைத் தமிழ் வாசகர் நினைவில் கொள்ள வேண்டும்.

எண்ணிக்கையும் தொடக்கத்தில் பத்தாக நிலைபெறவில்லை. மகாபாரதத்து சாந்தி பருவத்தின் நாராயணீயப் பகுதியில் வரும் ஒரு பட்டியல் அன்னப் பறவையில் தொடங்குகிறது. பாகவத புராணம் முதல் கந்தத்தில் 22 பேரைச் சொல்லிவிட்டு, வற்றாத ஏரியிலிருந்து பிரியும் கால்வாய்களைப் போல அவதாரங்களுக்குக் கணக்கே இல்லை என்று முடிக்கிறது. அந்த 22க்குள் கபிலர், தத்தாத்திரேயர், தன்வந்திரி, மோகினி, சமணர்களின் முதல் தீர்த்தங்கரரான இரிசபர் எல்லாரும் இருக்கிறார்கள். பாஞ்சராத்திர ஆகமங்களில் ஒன்றான அகிர்புத்நிய சங்கிதை 39 என்கிறது. சீக்கியரின் தசம் கிரந்தத்தில் 24 அவதாரங்களின் கதை தனிப் பகுதியாகவே உள்ளது.

மச்ச புராணத்தின் பட்டியல்தான் என்னை அதிகம் சிந்திக்க வைக்கிறது. அது மூன்றைத் தெய்வப் பிறப்பாகவும் ஏழை மனிதப் பிறப்பாகவும் பிரிக்கிறது. அந்த ஏழுக்கும் அது சொல்லும் காரணம் ஒரு சாபம். தேவாசுரப் போரில் பிருகு முனிவரின் மனைவியைத் திருமால் கொன்றார். பெண்ணைக் கொன்ற பாவத்துக்கு மனிதர் நடுவே ஏழு முறை பிறந்து உழல வேண்டும் என்று பிருகு சபித்தார். அறம் தாழும்போதெல்லாம் பிறப்பேன் என்று கீதை தரும் விளக்கத்தை நாம் எல்லா மேடையிலும் கேட்கிறோம். சாபக் கதையை எந்த மேடையிலும் கேட்பதில்லை. கடவுளும் தன் செயலுக்குக் கணக்குக் கொடுக்க வேண்டும் என்று ஒரு புராணம் துணிந்து எழுதியிருக்கிறதே, அது மறக்கத்தக்கதா? இராமனும் மனைவியைப் பிரிந்து வாடியதற்கு இந்தச் சாபத்தையே காரணமாகக் காட்டும் மரபு உத்தர காண்டத்தில் இருக்கிறது. உலகைக் காக்க இறங்கியவர் என்ற விளக்கமும், பட்ட கடனைத் தீர்க்க இறங்கியவர் என்ற விளக்கமும் ஒரே சமயத்துக்குள் பக்கத்தில் பக்கத்தில் வாழ்ந்திருக்கின்றன.

இனி இறங்கியவர்கள் என்று நாம் கொண்டாடுபவர்களில் சிலர், மண்ணில் வீரராக நின்று மேலே ஏறியவர்கள் என்பதையும் சொல்ல வேண்டும். கிரேக்க அரசன் அகத்தோகிளீசு கி.மு. 2ஆம் நூற்றாண்டில் வெளியிட்ட வெள்ளிக் காசுகள் ஆப்கானிசுத்தானத்து அய் கானூமில் கிடைத்தன. கலப்பையோடு ஒரு பக்கம் சங்கர்சணன், சக்கரத்தோடு மறுபக்கம் வாசுதேவன். அதாவது பலராமனும் கண்ணனும். விதிசைக்கு அருகே பெசுநகரில் எலியோதோரசு என்ற கிரேக்கத் தூதர் வாசுதேவனுக்குக் கருடத் தூண் நாட்டியதும் அதே நூற்றாண்டில். மதுரா வட்டாரத்தில் விருட்டணி குலத்து ஐந்து வீரர்களுக்குச் சிலை வைத்ததை மோரா கிணற்றுக் கல்வெட்டு சொல்கிறது. இவர்கள் அப்போது தம்மளவிலேயே தெய்வங்கள். இன்னொருவரின் அவதாரம் என்ற வரிசை எண் அவர்களுக்கு இன்னும் வரவில்லை.

பலராமனின் கதை இதில் துயரமானது. புறநானூற்றின் 56ஆம் பாட்டு நான்கு பெருந்தெய்வங்களைச் சொல்லும்போது சிவன், பலராமன், திருமால், முருகன் என்றே நிறுத்துகிறது. சிலப்பதிகாரத்தில் புகாரிலும் மதுரையிலும் அந்த வெண்ணிறத்தானுக்குத் தனிக்கோயில் இருந்தது. பனைக்கொடியும் கலப்பையும் கொண்ட உழவர் தெய்வம் அவன். பின்னாளில் தமிழகத்தில் அவனுக்கென்று கோயில் இல்லாமலே போனது. பத்தில் எட்டாம் பெயராக மட்டும் எஞ்சினான். கண்ணன் பட்டியலுக்குள் வர வேண்டும் என்றால் புத்தர் விலக வேண்டும் அல்லது பலராமன் விலக வேண்டும் என்ற நெருக்கடியில், வடக்கே பல ஊர்களில் அந்த எட்டாம் பெயரையும் அவன் இழந்தான்.

சங்கப் பாடல்களில் இராமன் வரும் விதமும் கவனிக்கத்தக்கது. அகநானூற்றின் 70ஆம் பாட்டில் கோடி என்ற கடல் துறையில் ஆலமரத்துப் பறவைகளின் ஒலியை அடக்கி ஆலோசனை செய்யும் இராமன் போர் வல்ல தலைவன். புறநானூற்றின் 378ஆம் பாட்டில் சீதையின் நகைகளைக் குரங்குகள் மாற்றி மாற்றி அணிந்துகொள்ளும் செய்தி உவமையாக வருகிறது. இரண்டிலும் இராமன் திருமால் என்ற குறிப்பில்லை. சிலப்பதிகாரத்து ஆய்ச்சியர் குரவையில்தான் உலகளந்தவன், இலங்கையை அழித்தவன், வெண்ணெய் உண்டவன் மூவரும் ஒருவன் என்ற பாட்டு எழுகிறது. அதுவும் அரண்மனையிலிருந்து எழவில்லை. மதுரைப் புறஞ்சேரியில் தயிர் கடையும் பெண்களின் ஆட்டத்தில் எழுகிறது. வான்மீகியிலும் போர் முடிந்து தேவர்கள் வந்து நிற்கும்போது, தன்னை மனிதனாக, தசரதன் மகனாகவே எண்ணுவதாக இராமன் சொல்கிறான். நீ நாராயணன் என்று பிரமன்தான் அவனுக்கு எடுத்துச் சொல்ல வேண்டியிருக்கிறது.

நூல்களை மூடிவிட்டுக் கல்லைப் பார்த்தால் வேறொரு பட்டியல் தெரிகிறது. குப்தர் காலம் முதல் பெரிய சிற்பமாக உருப்பெற்றவை பெரும்பாலும் மூன்று: பன்றி, நரசிங்கம், உலகளந்தவன். பாதாமியில் மங்களேசன் 578இல் குடைவித்த மூன்றாம் குகையிலும், நாமக்கல்லில் அதியர் குடைவரையிலும் இந்த மூவருமே சுவரை நிறைத்து நிற்கிறார்கள். மீனுக்கும் ஆமைக்கும் கோயில் மிக அரிது. ஆந்திரத்தில் ஸ்ரீகூர்மமும் நாகலாபுரமும் விதிவிலக்காகச் சொல்லத்தக்கவை.

ஏன் இந்த மூன்று? அரசர்களுக்கு இவை தேவைப்பட்டன. விதிசைக்கு அருகே உதயகிரியில் கடலிலிருந்து பூமகளைத் தந்தத்தில் ஏந்தி எழும் மாபெரும் பன்றி உருவம் இருக்கிறது. அடுத்த குகையில் இரண்டாம் சந்திரகுப்தனின் காலத்துக் கல்வெட்டு, குப்த ஆண்டு 82, அதாவது கி.பி. 401–402 என்று நாள் காட்டுகிறது. நிலத்தை மீட்டவன் என்ற புகழைக் கடவுளுக்கும் மன்னனுக்கும் ஒரே உருவத்தில் தந்துவிட முடிந்தது. ஏரணில் உள்ள பன்றிச் சிலையின் மேலேயே ஊணர் தலைவன் தோரமாணனின் முதல் ஆட்சியாண்டு பொறிக்கப்பட்டிருக்கிறது. வெளியிலிருந்து வந்தவன் ஆட்சிக்கும் அதே பன்றி துணை நின்றது. சாளுக்கியர் கொடியில் பன்றி ஏறியது. கூர்ஜர பிரதிகார மன்னன் போஜன் ஆதிவராகன் என்று பட்டம் சூடிக் காசு அடித்தான். தென்னாட்டில் புழங்கிய பொற்காசுக்கு வராகன் என்று பெயர் வந்ததும் இந்தப் பன்றி முத்திரையால்தான். மூவடியால் மூவுலகு கொண்டவனும், பகைவன் மார்பைக் கிழித்தவனும் அரசவைக்கு ஏன் பிடித்தார்கள் என்று தனியே சொல்ல வேண்டியதில்லை.

சைவர்கள் இதற்குத் தந்த பதில்களும் கல்லில் உள்ளன. சோழர் காலத்துத் தாராசுரத்திலும் திரிபுவனத்திலும் சரபர் நிற்கிறார்; சினம் அடங்காத நரசிங்கத்தை அடக்கச் சிவன் எடுத்த வடிவம் அது. காஞ்சிபுரத்தில் கச்சபேசுவரர் கோயில், ஆமையாக வந்த திருமால் சிவனைப் பூசித்த இடம் என்று தலபுராணம் பேசும். அவதாரங்களை மறுக்காமல், அவற்றைச் சிவனடியார்கள் ஆக்கிக்கொள்ளும் வழி இது. சாக்தர்களும் இப்படியே செய்தார்கள். லலிதா சகசிரநாமத்தில் பத்து அவதாரங்களும் தேவியின் விரல் நகங்களிலிருந்து பிறக்கின்றன.

சிவனுக்கு அவதாரம் உண்டா என்றால் வடக்கும் தெற்கும் வேறு வேறு விடை சொல்லும். இலிங்க புராணமும் வாயு புராணமும் சிவனுக்கு 28 பிறப்புகளைச் சொல்கின்றன. கடைசியானவர் குசராத்தின் காயாவரோகணத்தில் தோன்றிய இலகுலீசர். மதுராவில் கிடைத்த குப்த ஆண்டு 61ஆம் கல்வெட்டு, அதாவது கி.பி. 380, அவருடைய மாணவர் பரம்பரையில் பத்தாம் ஆசிரியரைக் குறிப்பிடுவதால் அவர் உண்மையில் வாழ்ந்த மனிதர் என்று கொள்ள இடமிருக்கிறது. தமிழ்ச் சைவ சித்தாந்தம் இதை ஏற்கவில்லை. கருவில் தங்கிப் பிறப்பது வினையின் விளைவு, வினையற்றவனுக்குப் பிறப்பில்லை என்பது அதன் உறுதி. வேடம் பூண்டு வருவான். விறகு விற்பான், பிட்டுக்கு மண் சுமப்பான், பிரம்படி படுவான். மதுரையில் நடந்த 64 திருவிளையாடல்களிலும் அவன் தாய் வயிற்றில் பிறக்கவில்லை.

இந்தத் தடைக்கு வைணவ ஆசாரியர்கள் விடை சொல்லியாக வேண்டியிருந்தது. சங்கரர் தம் கீதை உரையில், இறைவன் தன் மாயையால் உடல் கொண்டவன் போலத் தோன்றுகிறான் என்றார். இராமானுசருக்கு அந்தப் ‘போல’ உடன்பாடில்லை. பிறப்பு மெய், உடலும் மெய். ஆனால் அது வினையால் வந்ததன்று, விருப்பத்தால் எடுத்தது. மூன்று குணங்களால் ஆன பொருளும் அன்று. மத்துவரோ எந்த அவதாரமும் மற்றதற்குக் குறைந்ததில்லை, பன்றியிலும் கண்ணனிலும் இருப்பது ஒரே முழுமை என்றார். வங்கத்துச் சைதன்னியர் மரபு கண்ணனையே மூலமாக வைத்து மற்றவர்களை அவன் கூறுகளாக்கியது.

பிள்ளை லோகாசாரியார் இந்தச் சிக்கலைத் தமிழ்நாட்டுக்கே உரிய முறையில் வேறு திசைக்குத் திருப்பினார். பரமபதத்தில் இருப்பது, பாற்கடலில் இருப்பது, இராமனாகவும் கண்ணனாகவும் வந்தது, உள்ளத்துக்குள் உறைவது, கோயில் சிலையில் நிற்பது என்று ஐந்து நிலைகளை வைத்து, ஒவ்வொன்றையும் தாகம் எடுத்தவனுக்கு எட்டும் நீரோடு ஒப்பிட்டார். உள்ளே உறைவது நிலத்தடி நீர். தோண்டத் தெரிந்தவனுக்கே கிடைக்கும். இராமனும் கண்ணனும் ஆற்றுப் பெருக்கு. அந்தக் காலத்தில் கரையில் இருந்தவர்களுக்குத்தான் பயன்பட்டது. பெருக்கு வடிந்தபின் மடுக்களில் தேங்கிய நீர்தான் கோயில் திருமேனி. யாரும் எப்போதும் அள்ளிக் குடிக்கலாம். சிலையையும் அவதாரம் என்று ஏற்றதனால் திருவரங்கமும் திருவேங்கடமும் அயோத்திக்கும் மதுராவுக்கும் ஒரு படி மேலாயின. அவதாரம் முடிந்துபோன கதை என்ற கவலையே எழாமல் போனது. இந்திய மெய்யியலில் இதற்கு இணையான துணிவை நான் அதிகம் கண்டதில்லை. பரசுராமன் போன்றோரிடம் இறைவன் சில காலம் ஆவேசமாக நின்றான், ஆகவே வீடுபேறு வேண்டுவோர் அவர்களை வழிபட வேண்டியதில்லை என்று இதே மரபு தெளிவாகப் பிரித்தும் வைத்தது. பட்டியலில் பெயர் இருப்பதும் வழிபாட்டில் இடம் இருப்பதும் ஒன்றன்று என்பதை ஆசாரியர்களே அறிந்திருந்தார்கள்.

இப்போது புத்தருக்கு வருவோம். அவரைச் சேர்த்துக்கொண்டதை இந்து சமயத்தின் பெருந்தன்மைக்குச் சான்றாகச் சொல்லும் வழக்கம் இருக்கிறது. மூல நூல்களைப் படித்தால் அவ்வளவு எளிதாக அப்படிச் சொல்ல முடியவில்லை. விட்டுணு புராணத்தின் மூன்றாம் பகுதியில், வேதத்தையும் தவத்தையும் கைக்கொண்ட அசுரர்களைத் தேவர்களால் வெல்ல முடியவில்லை. திருமால் தன் உடலிலிருந்து மாயாமோகன் என்ற ஒருவனை உண்டாக்கி அனுப்புகிறார். அவன் சமண முனிவனைப் போலவும், பிறகு செவ்வாடைத் துறவியாகவும் சென்று வேள்வி வேண்டாம், உயிர்க்கொலை வேண்டாம் என்று போதிக்கிறான். அசுரர்கள் வேதத்தை விடுகிறார்கள். தேவர்கள் அவர்களைக் கொல்கிறார்கள். பாகவதம் இதையே சுருக்கி, தேவர்களின் பகைவரை மயக்கக் கீகட நாட்டில் புத்தர் என்ற பெயரில் பிறப்பார் என்கிறது. அதாவது புத்தர் கடவுள்தான், அவர் போதனை பொய். ஒரு சமயத்தின் நிறுவனரைத் தலைவாசலில் வரவேற்று, அவரைப் பின்பற்றுவோரை அசுரர் ஆக்கிவிடும் ஏற்பாடு இது.

இன்னொரு மரபும் இருந்தது என்பதை மறைக்கக் கூடாது. காசுமீரத்துக் கவி க்ஷேமேந்திரர் 1066இல் எழுதிய தசாவதார சரிதத்தில் புத்தரின் வாழ்வை மதிப்போடு சொன்னார். புத்தரின் முற்பிறவிக் கதைகளைத் தனி நூலாகவே பாடியவர் அவர். ஜயதேவரின் புத்தர் வேள்வியில் பலியாகும் விலங்குகளுக்காக இரங்கியவர், ஏமாற்றுக்காரர் அல்லர். மாமல்லபுரத்துச் சுலோகத்தின் புத்தர் இந்த இருவரில் யார் என்று அந்தக் கல் சொல்லவில்லை. தமிழ்நாட்டுப் பாசுர மரபு அவரைச் சேர்க்காததற்கு, பௌத்தம் இங்கே கண்ணெதிரே நின்ற போட்டியாக இருந்ததே காரணம் என்று ஊகிக்கிறேன். நாகப்பட்டினத்து விகாரத்துக்கு இராசராச சோழன் ஆனைமங்கலத்தைக் கொடையாக விட்ட காலத்திலும் அந்தச் சமயம் உயிரோடு இருந்தது. திருமங்கையாழ்வார் நாகப்பட்டினத்துப் பொன் புத்தர் சிலையைக் கவர்ந்து அரங்கத்துத் திருப்பணிக்குப் பயன்படுத்தினார் என்று குருபரம்பரைக் கதைகள் பெருமையோடு சொல்வதும் அந்தப் பகைமையின் தடயம்.

மற்றவர்களும் சும்மா இருக்கவில்லை. தசரத சாதகத்தில் இராமன் புத்தரின் முற்பிறவி. இலங்கையில் திருமால் புத்த சாசனத்தைக் காக்கும் தேவனாகி, கண்டியில் தேவாலயம் கொண்டிருக்கிறார். சமண நூல்களில் கண்ணன் தீர்த்தங்கரர் நேமிநாதரின் உறவினன். செய்த போர்களுக்காக நரகத்தில் இருக்கிறான், வரும் யுகத்தில் தானும் தீர்த்தங்கரன் ஆவான். சமண இராமாயணங்களில் இராவணனைக் கொல்வது இலக்குவன். கொல்லாமை நெறியில் நிற்கும் இராமன் கையில் இரத்தம் படக் கூடாது என்ற கவலை அது. அடுத்தவரின் தலைவரைத் தன் கணக்கில் வைத்துக்கொள்ளும் முயற்சியில் மூன்று சமயங்களும் ஈடுபட்டன.

ஆனால் 1956 அக்டோபர் 14 அன்று நாகபுரியில் அம்பேத்கர் தம் மக்களோடு பௌத்தம் தழுவியபோது ஏற்ற 22 உறுதிமொழிகளில் ஒன்று, புத்தர் திருமாலின் அவதாரம் என்பதை நம்பமாட்டேன் என்பது. அதைப் பொய்ப் பரப்புரை என்றே அது கண்டித்தது. இடம் ஒதுக்கித் தந்தவர்கள் அதை மரியாதை என்று நினைத்தார்கள்; இடம் பெற்றவரின் வழிநடப்போருக்கு அது அவமதிப்பாக இருந்தது. ஒன்பதாம் இடத்தைப் பற்றி எழுதும் யாரும் இந்த மறுப்பை எழுதாமல் விடுவது நேர்மையாகாது.

குறளனிடம் நிலத்தை இழந்த மாவலியின் பக்கத்திலிருந்தும் இப்படி ஒரு குரல் எழுந்தது. 1873இல் மராத்தியில் குலாம்கிரி எழுதிய சோதிராவ் புலே, மீன் முதல் பரசுராமன் வரை அவதாரங்களை அடுத்தடுத்து வந்த படையெடுப்புத் தலைவர்களாகவும், மாவலியை உழவர்களின் நல்லரசனாகவும் வாசித்தார். வரலாறாக அதை நிறுவ முடியாது. ஆனால் கேரளத்தில் ஓணத்தன்று மக்கள் எதிர்கொண்டு அழைப்பது அளந்தவனை அன்று, அமிழ்த்தப்பட்டவனை. புலே சொல்வதற்கு முன்பே மக்கள் அந்தப் பக்கம் சாய்ந்திருந்தார்கள்.

டார்வினோடு இணைத்துப் பேசும் வழக்கத்தைப் பற்றியும் இரண்டு சொல். நீரில் மீன், நீரும் நிலமும் சேர்ந்த ஆமை, நிலத்தில் பன்றி, பாதி விலங்கு, குள்ளன், முழு மனிதன் என்ற ஒப்பீட்டை 1877இல் பிளாவட்சுகி அம்மையார் எழுதினார். பிறகு அது பள்ளி மேடைவரை வந்துவிட்டது. அன்னத்தில் தொடங்கும் பட்டியலும், பன்றிக்குப் பின் முனிவர்களை வைத்து அதற்கும் பின்னால் மீனைச் சொல்லும் பாகவத வரிசையும் இருக்கும்போது, பல வரிசைகளில் ஒன்றை மட்டும் எடுத்து அதில் அறிவியலைக் காண்பது முறையாகாது. அவதாரக் கதைகளுக்குத் தம் சொந்த ஆழம் இருக்கிறது; இரவல் பெருமை அவற்றுக்கு எதற்கு?

கல்கியின் இடம் மற்றவற்றிலிருந்து வேறு. அவர் இன்னும் வரவில்லை. அதனால் அந்த இடத்துக்குத்தான் வரலாற்றில் அதிகம் பேர் வந்தார்கள். குசராத்திலும் சிந்துவிலும் இசுமாயிலிப் போதகர்கள் பாடிய கினான் பாடல்களில், களங்கமற்ற பத்தாம் அவதாரம் நபிகளின் மருமகன் அலி. கோஜா சமூகத்தார் தலைமுறை தலைமுறையாகத் தச அவதார் என்ற அந்த நூலை ஓதிவந்தார்கள். ஆகா கானின் உரிமை குறித்து 1866இல் பம்பாய் உயர்நீதிமன்றத்தில் நடந்த வழக்கில், இந்தச் சமூகம் எந்தப் பிரிவைச் சேர்ந்தது என்பதற்குச் சான்றாக அந்த நூல் ஆராயப்பட்டது. இந்துவா முசுலிமா என்ற கேள்விக்கு அந்தப் பாடல்களைப் பாடியவர்களிடம் தனித்தனிப் பெட்டி இருக்கவில்லை.

தெற்கே, கன்னியாகுமரிக்கு அருகே சாமித்தோப்பில், 1809இல் பிறந்த முத்துக்குட்டி 1833இல் திருச்செந்தூர்க் கடலில் இறங்கி வைகுண்டராக வெளிவந்தார் என்று அய்யாவழி மக்கள் நம்புகிறார்கள். அவருடைய சீடர் அரிகோபாலன் 1841இல் எழுதியதாகக் கொள்ளப்படும் அகிலத்திரட்டு அம்மானையில், குறோணி என்ற அசுரனின் துண்டுகள் யுகந்தோறும் பிறக்கின்றன. ஒவ்வொரு யுகத்திலும் நாராயணர் வந்து அழிக்கிறார். கலியுகத்துப் பகைவனைக் கண்ணுக்குத் தெரியாத இடத்தில் அந்த நூல் தேடவில்லை. திருவிதாங்கூரை ஆண்ட மன்னனையே கலிநீசன் என்றது, ஆங்கிலேயரை வெண்ணீசன் என்றது. சாணார் முதலிய மக்கள் மேல் விதிக்கப்பட்ட தலைவரிகளையும் ஊழியத்தையும் ஒவ்வொன்றாகச் சொல்லி அழுதது. தலைப்பாகை கட்டும் உரிமை இல்லாத ஆண்களைத் தலைப்பாகையோடு வழிபட வைத்தார் வைகுண்டர். சாதி வேறுபாடின்றி ஒரே கிணற்றில் நீர் எடுக்கச் செய்தார். அரசு அவரைப் பிடித்துத் திருவனந்தபுரத்தில் சிறை வைத்தது. கல்கி வாளோடு குதிரையில் வருவார் என்று புராணங்கள் சொன்னதற்கு மாறாக, இவர் ஆயுதம் எடுக்க வேண்டாம் என்றே தம் மக்களுக்குச் சொன்னார். சிறையிலிருந்து வந்தபின்னும் 1851இல் மறையும் வரை சாமித்தோப்பிலேயே இருந்தார். அவர் வழிவந்தோரின் வழிபாட்டிடங்களான நிழல்தாங்கல்கள் குமரி, நெல்லை, தூத்துக்குடி ஊர்களிலெல்லாம் இன்று இருக்கின்றன. அங்கே போகும் ஆண்கள் தலைப்பாகை கட்டித்தான் உள்ளே நுழைகிறார்கள்.